இருபதிலும் இன்னொரு காட்

யோகராணி தன்னுடைய அறுபத்தொரு வயதுக்குள் ஒரு லொத்தர் ரிக்கெற்கூட வாங்கியவள் அல்ல. கோயில் திருவிழாவில் சேலைக்குச் சீட்டுக் குலுக்கினால், "எனக்கேன் உந்த வேலை" என்று தள்ளி நின்று மோதகத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வருகிற சீவன். அப்படிப்பட்டவள் போன மார்கழி தொடங்கி இந்தச் சித்திரை வரைக்கும், ஞாயிறு தவிர்ந்த நாட்களில் காலை ஒன்பது மணிக்குக் குளித்து, திருநீறு பூசி, தேத்தண்ணியும் கையுமாகப் போய் பிளாக்ஜாக் மேசையில் இருந்தாள் என்றால் நம்புவீர்களா? நம்பத்தான் வேண்டும். ஒன்ராறியோ மாகாணத்திலேயே அவளைப் போலக் கேவலமாக பிளாக்ஜாக் விளையாடிய ஆள் கிடையாது. அவளைப் போல வென்ற ஆட்களும் அதிகம் இல்லை. இந்த இரண்டும் அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் ஒரு பொருட்டாக எடுத்திருக்கமாட்டாள்.

அவள் உரும்பிராய்க்காரி. தொண்ணூற்றிரண்டில் கனடாவுக்கு வந்தாள். வந்த மூன்றாம் கிழமையே ஸ்காபரோவில் பாண் சுடும் ஒரு பக்டரியில் சேர்ந்து, இருபத்தாறு வருஷம் ஒரே லைனில் நின்று பாண் பைகளுக்குக் கிளிப் போட்டாள். கணவர் நவரட்ணம் எட்டு வருஷத்துக்கு முன் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வரவில்லை. பிறகு தோள்மூட்டு மக்கர் பண்ண வேலையையும் விட்டாள். மிஞ்சியது மார்க்கம் றோட்டில் பதினோராம் மாடியில் ஒரு அப்பார்ட்மெண்டும், துர்க்கா என்ற ஒரே மகளும்.

யோகராணிக்கு ஒரு வருத்தம் உண்டு. சீனி வியாதி, பிறஷர் எல்லாம் பிறகு. பெரிய வருத்தம், மகள் சாப்பிட்டாளா என்று தெரியாவிட்டால் இருப்புக்கொள்ளாது. காலையில் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, மத்தியானம் மூன்று என்று ஒரு நாளைக்குப் பதினான்கு தரம் போன் எடுப்பாள். கேள்வி ஒன்றுதான்: "சாப்பிட்டியோ?" துர்க்காவுக்கு இருபத்தொன்பது வயது. டவுன்ரவுனில் பெரிய இன்சூரன்ஸ் கொம்பனியில் வேலை. பதினான்கு தரமும் "ஓம் அம்மா" என்று சொல்லத்தான் செய்தாள்.

ஒரு புதன்கிழமை அவள் போனை நிறுத்தி வைத்துவிட்டு மேலதிகாரிகளுக்கு முன்னால் எழுந்து நின்று ஏதோ விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தாள். யோகராணி பதினொரு தரம் அடித்தாள். பதில் இல்லை. றிசெப்ஷனுக்கு அடித்தாள். அவர்கள் மீற்றிங் என்றார்கள். அதோடு விட்டாளா? கட்டடத்தின் செக்யூரிற்றிக்கு அடித்து, "மகள் காலமை புட்டுச் சாப்பிடாமல் போனவள், மயங்கி விழுந்திட்டாளோ தெரியேல்லை" என்று தனக்குத் தெரிந்த இங்கிலிஷில் அழுதாள். ஐந்து நிமிஷத்தில் இரண்டு தடியன்கள் முதலுதவிப் பெட்டியோடு மீற்றிங் அறைக்குள் புகுந்து, இங்கே துர்க்கா யார், சாப்பிட்டாயா என்று உன் அம்மா கேட்கிறார் என்றார்கள்.

இந்த இடத்தில் யோகராணிக்காகப் பரிந்து பேச ஒன்றும் இல்லை. செய்தது பச்சைப் பிழை. அன்றிலிருந்து அந்த ஒபிஸில் துர்க்காவுக்கு ஒருவரும் குட் மோர்னிங் சொல்லவில்லை. வாசல்காரனிலிருந்து வைஸ் பிரசிடென்ற் வரை எல்லாரும் சிரித்துக்கொண்டு, சாப்பிட்டாயா துர்க்கா என்றுதான் கேட்டார்கள். இரண்டு மாதம் பொறுத்தாள். பிறகு வேலையை விட்டாள், வீட்டை விட்டாள், தாயின் நம்பரை புளொக் பண்ணினாள். பிறம்ரனில் சிநேகிதி நிலாணியின் பேஸ்மென்ரில் போய் இருந்தாள். நிலாணிதான் ஒரே ஒரு தகவல் அனுப்பினாள்: "துர்க்கா சுகம். ஒரு ஸ்ரூடியோவிலை வேலை. தேட வேண்டாமாம்."

ஸ்ரூடியோ என்ற சொல்லை யோகராணி கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் "மகள் ரீவியிலை" என்று சொன்னாள். வீட்டுக்கு வந்து தனிய இருந்து அழுதாள்.

பதினோராம் மாடியில் நாலு வாசல் தள்ளி றூபன் இருக்கிறான். நாற்பது வயது, பகல் முழுக்கக் காரில் சாப்பாடு டெலிவரி. மார்கழி மாதம் ஒரு காலை, லோண்டரி றூமில் உடுப்பு மெஷினுக்குள் சுத்திக்கொண்டிருக்க, அவன் வாங்குப் பலகையில் குந்தியிருந்து போனை நோண்டிக்கொண்டிருந்தான். திடீரென்று போனையும் யோகராணியையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அன்ரி, கோவிக்கக் கூடாது. உது உங்கட துர்க்கா தானே?"

யோகராணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். துர்க்காதான். சிவப்புக் கவுண், தூக்கிக் கட்டிய கொண்டை, நெஞ்சில் டயானா என்று பெயர் அட்டை. முன்னால் அரைவட்டப் பச்சை மேசை. பின்னால் பெரிய யன்னல், அதற்கு வெளியே தென்னை மரமும் நீலக் கடலும். பிறம்ரனில் அன்றைக்குக் குளிர் மைனஸ் பதினெட்டு. துர்க்கா சிரித்தபடி சீட்டுக் காட் போட்டுக்கொண்டிருந்தாள்.

"உது கசினோ அன்ரி. ஆக்கள் வீட்டிலையிருந்து போனிலை காசு கட்டுவினம். இவை ஸ்ரூடியோவிலை நிண்டு உண்மையான காட் போடுவினம். எல்லாம் லைவ்."

தன் பிள்ளை சூதாட்ட மேசையில் நிற்கிறாளே என்று ஒரு தாய் நெஞ்சில் அடித்துக்கொள்ள வேண்டிய இடம் இது. றூபனும் அதற்குத்தான் பயந்துபோய் இருந்தான். யோகராணி போனை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் அரை நிமிஷம் பார்த்துவிட்டு, "ஐயோ, மெலிஞ்செல்லோ போனாள்!" என்றாள்.

சும்மா பார்ப்பதற்குக் காசு கட்டத் தேவையில்லை. முதல் இரண்டு நாள் யோகராணி பார்த்தாள். கன்னம் ஒட்டிப்போய்த்தான் இருந்தது. பார்க்கப் பார்க்கக் கேட்க வேண்டும் போல் இருந்தது. திரையின் ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டி, அதில் விளையாடுகிறவர்கள் டயானாவுக்கு ஏதாவது எழுதுவார்கள், அவள் வாசித்துச் சிரித்துப் பதில் சொல்லுவாள். ஆனால் எழுத வேண்டுமானால் மேசையில் இருக்க வேண்டும். மேசையில் இருக்க வேண்டுமானால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் குறைந்தது ஐந்து டொலர் கட்ட வேண்டும்.

"அப்ப என்னை இருத்திவிடு தம்பி," என்றாள் யோகராணி.

றூபன் தலையைச் சொறிந்தான். பிறகு அவளுடைய போனில் எல்லாவற்றையும் பதிந்து, பேருக்கு லக்கிராணி என்று போட்டு, விளையாட்டையும் சொல்லிக்கொடுத்தான். கையில் உள்ள காட்டைக் கூட்டினால் இருபத்தொன்றுக்குக் கிட்ட வர வேண்டும், அதைத் தாண்டினால் சரி, போச்சு. நவரட்ணம் ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டாளிகளோடு முந்நூற்றிநாலு என்ற சீட்டு விளையாடுவதைப் பார்த்த பழக்கத்தில், "ஜாக் வந்தால் முப்பது தானே?" என்று கேட்டாள்.

"இதிலை பத்து அன்ரி. முப்பதெண்டால் ஒரே காட்டோட செத்திடுவியள். இதிலை அமத்த ரெண்டு பட்டின் தான். ஒண்டு, இன்னொரு காட் வேணும். மற்றது, போதும். பதினேழுக்கு மேலை வந்தால் போதும் எண்டு அமத்துங்கோ. விளங்கிச்சோ?"

விளங்கியது. ஆனால் மேசையில் இருந்த முதல் நாளே யோகராணி வேறு ஒன்றைக் கண்டுபிடித்தாள். மேசையில் ஏழு பேர் இருப்பார்கள். ஒவ்வொருவர் முறை வரும்போதும் டயானா அவர் பெயரைச் சொல்லி, கையை விரித்து, கமராவை நேராகப் பார்ப்பாள். பன்னிரண்டு செக்கன் வரை பார்த்தபடி நிற்பாள். போதும் என்று அமத்தினால் முகத்தைத் திருப்பி அடுத்தவரிடம் போய்விடுவாள். இன்னொரு காட் என்று அமத்தினால் காட்டைப் போட்டுவிட்டு மறுபடியும் பார்ப்பாள்.

பிள்ளை முகத்தைப் பார்க்கிற நேரத்தில் எந்தத் தாய் போதும் என்று அமத்துவாள்? யோகராணி பதினாறில் இன்னொரு காட் கேட்டாள். பதினெட்டில் கேட்டாள். இருபதிலும் கேட்டாள். பன்னிரண்டு செக்கனும் ஆசை தீரப் பார்த்துவிட்டுக் கடைசிச் செக்கனில் கேட்டாள்.

மற்ற ஆறு பேரும் கொதித்துப்போனார்கள். இந்த விளையாட்டில் ஒருவர் விசர்த்தனமாக ஒரு காட் இழுத்தால், அடுத்தவருக்கு வர வேண்டியது மாறிவிட்டது என்று பல்லைக் கடிப்பார்கள். தண்டர் பேயில் இருந்து விளையாடும் மூஸ்ஹன்ரர் என்ற லொறிக்காரன், இருபதில் காட் கேட்கிற இந்த மூளைகெட்ட மனுஷி யார் என்று எழுதினான். அந்த மூளைகெட்ட மனுஷிக்கு அந்த நேரம் ஒன்று என்று எண்ணுகிற ஆஸ் விழுந்தது. இருபத்தொன்று. அடுத்த ஆட்டம் மறுபடி இருபது, மறுபடி கேட்டாள், மறுபடி ஆஸ்.

யோகராணி அதைக் கவனிக்கவே இல்லை. அவள் ஒற்றை விரலால் எழுத்துத் தேடி, இங்கிலிஷ் எழுத்தில், ஐந்து நிமிஷமாக ஒரே ஒரு சொல்லைக் கோத்துக்கொண்டிருந்தாள். சாப்பிட்டியோ.

அனுப்பினாள். டயானாவின் கையில் இருந்த காட் அரைச் செக்கன் அந்தரத்தில் நின்றது. உலகத்தில் அப்படிக் கேட்கிற ஆள் ஒன்றே ஒன்றுதான், அதை ஒருவரும் துர்க்காவுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. முகம் சிவந்து வெளுத்தது. பிறகு பழைய சிரிப்பைப் பூட்டிக்கொண்டு, வெல்கம் லக்கிராணி, குட் லக் என்றாள். அவ்வளவுதான்.

பத்து நிமிஷம் போயிருக்கும். டயானா காட்டைக் குலுக்கிக்கொண்டு மேசை முழுவதுக்கும் பொதுவாக இங்கிலிஷில் சொன்னாள்: தான் இன்றைக்கு நல்ல வடிவாகக் காலைச் சாப்பாடு சாப்பிட்டாளாம், இரண்டு முட்டையும் பாணுமாம், நீங்கள் எல்லாரும் சாப்பிட்டீர்களா?

மூஸ்ஹன்ரர் உடனே எழுதினான், தான் லொறிக்குள் இருந்து பேகல் சாப்பிட்டதாக. விண்ட்சரில் இருந்து ஒரு கிழவர் ஓட்ஸ் கஞ்சி என்றார். சட்பெரிக்காரி ஒருத்தி தான் கோப்பி மட்டும்தான் குடித்தேன் என்று எழுத, லக்கிராணி அவளுக்கு, கோப்பி சாப்பாடு இல்லை என்று திருப்பி எழுதினாள். யோகராணி போனை மேசையில் வைத்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். இரண்டு முட்டை. கடவுளே, இரண்டு முட்டை!

அதற்குப் பிறகு நடந்ததை யாருக்குச் சொன்னாலும் கதை விடுகிறாய் என்பார்கள். தை, மாசி, பங்குனி மூன்று மாதமும் அந்த மேசையில் காலை ஒன்பது மணிக்கு முதல் வேலை, யார் என்ன சாப்பிட்டார்கள் என்று சொல்வதுதான். தொப்பி போடாமல் வெளியே போக வேண்டாம் என்று லக்கிராணி பொதுவாக எழுதுவாள். டயானா, நல்ல யோசனை, நான் புதுத் தொப்பி வாங்கிவிட்டேன் என்று பொதுவாகச் சொல்லுவாள். விண்ட்சர்க் கிழவரும் தொப்பி வாங்கினார். ஒரு நாள் டயானா தும்மினாள். லக்கிராணி மல்லித்தண்ணி எப்படிக் காய்ச்சுவது என்று எழுத, அன்று பின்னேரம் தண்டர் பேயில் ஒரு லொறிக்காரன் கொத்தமல்லி தேடி மூன்று கடை ஏறி இறங்கினான்.

இதற்கிடையில் யோகராணி வென்றுகொண்டிருந்தாள். ஏன், எப்படி என்று கேட்கக் கூடாது. பதினெட்டில் கேட்டால் மூன்று வரும். பத்தொன்பதில் கேட்டால் இரண்டு வரும். மேசையில் இடம் கிடைக்காதவர்கள் அவள் கதிரைக்குப் பின்னால் நின்று, அவள் கைக்கே காசு கட்ட அந்த ஆப்பில் வழி இருந்தது. பங்குனி முடிகிறபோது நாற்பது ஐம்பது பேர் அப்படிக் கட்டினார்கள். றூபன்கூட டெலிவரியை நிறுத்திவிட்டுக் காருக்குள் இருந்து கட்டினான்.

"அன்ரி, நீங்கள் என்ன கணக்கிலை விளையாடுறியள் எண்டு எனக்கு மட்டும் சொல்லுங்கோ."

"அவள் முகத்தைத் திருப்பப் பாத்தால் கேப்பன். வேறென்ன கணக்கு?"

றூபன் அதையும் ஏதோ பெரிய இரகசியம் என்று எழுதி வைத்துக்கொண்டான், பேயன்.

பங்குனி கடைசியில் ஒரு போன் வந்தது. ஜதுர்சனாம். அந்த ஆப்பின் வி.ஐ.பி. மனேஜராம். தமிழ்ப் பெயர் என்று பார்த்து அவளைத் தன்னிடம் தந்திருக்கிறார்களாம். இங்கேயே பிறந்த பெடியன், தமிழ் கல்லில் தடுக்கித் தடுக்கி வந்தது.

"அன்ரி, யூ ஆர் அமேசிங்! எங்கட பெஸ்ற் கஸ்ரமர் நீங்கள். உங்களுக்கு ஒரு கிவ்ற் அனுப்பப் போறம். புளெண்டர் வேணுமோ, ஹொக்கி ரிக்கெற் வேணுமோ?"

"ஒண்டும் வேண்டாம் தம்பி. அந்தச் சிவப்புச் சட்டைப் பிள்ளைக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு எத்தினை மணிக்கு விடுறனீங்கள்?"

"டயானாவோ? ஸோ ஸ்வீற், அன்ரி. ஆனால் செக்யூரிற்றிக்காரரிட்டை உப்பிடிச் சொல்லிப்போடாதேங்கோ." ஜதுர்சன் குரலைத் தணித்தான். "அவை உங்களை வொச் பண்ணினம். இருபதிலை காட் கேட்டு ஒருத்தரும் இவ்வளவு வெல்லேலாதாம். அதுவும் டயானான்ர மேசையிலை மட்டும். அவ உங்களுக்கு ஏதோ சிக்னல் குடுக்கிறா எண்டு நினைக்கினம். நான் சண்டை பிடிச்சனான் அன்ரி, எங்கட ஆக்கள் அப்பிடி இல்லை எண்டு."

"சிக்னலோ?"

"காட் போடுற டீலருக்கும் பிளேயருக்கும் பழக்கம் எண்டு தெரிஞ்சால் அண்டைக்கே வேலை போச்சு. போன மாசம் ஒரு பெடியனை அவன்ர மாமா மேசையிலை இருந்ததுக்கே அனுப்பிப்போட்டினம். பொலிஸ் வரைக்கும் போகும். நீங்கள் ஏன் வொறி பண்ணுறியள், உங்களுக்கு அவவைத் தெரியாது தானே?"

"தெரியாது," என்றாள் யோகராணி.

போனை வைத்துவிட்டுக் குசினியில் போய் நின்றாள். மகளின் முதல் வேலையைத் தின்றாயிற்று. இப்போது இரண்டாவதையும் தின்னப் போகிறாள், பொலிசோடு. பெற்ற பிள்ளைக்கு இதைவிட வேறு என்ன கேடு செய்ய வேண்டும்? அன்றைக்கே போனை அரிசி வாளிக்குள் போட்டு மூடினாள். மூன்று நாள் மேசைப்பக்கம் போகவில்லை. சோறு சமைக்க வாளியைத் திறந்தால் போன் கண்ணில் படும் என்று மூன்று நாளும் பாணே சாப்பிட்டாள்.

நாலாம் நாள் தாங்கமுடியவில்லை. சும்மா பார்க்கத்தானே, மேசையில் இருக்கப் போகிறேனா என்று தனக்குத்தானே நியாயம் சொல்லி, போனை எடுத்து அரிசியைத் தட்டித் திறந்தாள். துர்க்காவின் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. காட்டைப் போட்டுக்கொண்டே அவள் இங்கிலிஷில் கேட்டாள், யாராவது லக்கிராணியைக் கண்டீர்களா? அவர் நேரத்துக்குச் சாப்பிடுகிறார் என்று நம்புகிறேன்.

யோகராணியின் விரல் அவளைக் கேட்காமலே போய்த் திரையில் இருந்த வெறுங்கதிரைக்கு மேல் நின்றது. அமத்துவதற்கு மயிரிழைதான். மற்றக் கையால் அந்தக் கையைப் பிடித்து இழுத்தாள். தன்னால் நிறுத்த முடியாது, இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்குப் போய் இருப்பேன் என்று அப்போதுதான் அவளுக்கு வெளிச்சமாகத் தெரிந்தது. திரையின் அடியில் சின்ன எழுத்தில், விளையாட்டை நிறுத்த உதவி வேண்டுமா என்று ஒரு நம்பர் இருந்தது. அதற்கு அடித்தாள். தமிழில் கதைக்க ஆள் வேண்டும் என்றாள்.

போனுக்கு வந்தவள் பெயர் றீமா. புத்தளத்துப் பக்கத்துப் பேச்சு, பதமான குரல்.

"பயப்பட வேணாம் அன்ரி. ஒம்பது கேள்வி கேட்பேன், உண்மையைச் சொல்லுங்க. வெளயாடாத நேரத்திலயும் அதே யோசனையா இருக்கீங்களா?"

"ஓம் பிள்ளை. விடிஞ்சாப் பொழுதுபடும் வரைக்கும் அதே யோசனைதான்."

"வீட்டாக்களுக்கு மறைக்கிறீங்களா?"

"வீட்டிலை ஒருத்தரும் இல்லை. இருந்தால் கட்டாயம் மறைப்பன்."

"இதால ஒங்கட குடும்பத்துல யாருக்காவது பாதிப்பு?"

"வேலை போகப்போகுது."

"விட்டுப் பார்த்தீங்களா?"

"மூண்டு நாள். போனை அரிசிக்குள்ளை போட்டு வச்சனான்."

றீமா எழுதுகிற சத்தம் கேட்டது. "இது அந்த ஒம்பதுல சேராது, எவ்வளவு தோத்திருப்பீங்க?"

"தோக்கேல்லை. வெண்டிருக்கிறன். எடுக்கிற வழிதான் தெரியாது."

எழுதுகிற சத்தம் நின்றது. பிறகு மறுபடி தொடங்கியது.

அடுத்த நாலு கேள்விக்கும் யோகராணி ஓம் என்றாள். கடைசிக் கேள்வி, ஒன்பதாவது. "இழந்தத எப்படியாவது திரும்பப் பிடிக்கணும் எண்டுதான் திரும்பத் திரும்பப் போறீங்களா?"

யன்னலுக்கு வெளியே மார்க்கம் றோட்டில் பஸ் ஒன்று நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது.

"ஓம் பிள்ளை," என்றாள். "அதுக்கு மட்டும்தான் போறன்." அதற்கு மேல் அடக்க முடியாமல் விம்மி அழுதாள்.

றீமா அழுது முடியும்வரை பொறுத்திருந்தாள். ஒன்பதுக்கு ஒன்பது ஆமாம் சொன்ன ஆளைத் தன் நாலு வருஷ வேலையில் கண்டதில்லை என்றாள். ஒரு லிங்க் அனுப்பலாம், அதில் அமத்தினால் எந்தக் கசினோ ஆப்பும் திறக்காது. ஆறு மாதம், ஒரு வருஷம், ஐந்து வருஷம் என்று மூன்று இருக்கிறது.

"சும்மா பாக்கவும் ஏலாதோ?"

"பார்க்கவும் ஏலாது அன்ரி. நீங்களா ஒங்க கையால அமத்தணும், நான் செய்ய ஏலாது. இன்னைக்கே செஞ்சிடுங்க."

அன்றைக்குத் திங்கட்கிழமை. யோகராணி ஐந்து வருஷம் என்றதில் விரலை வைத்தாள், எடுத்தாள். சுவரில் றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலில் வாங்கிய கலண்டர் தொங்கியது. நாளைக்குச் சித்திரை வருஷப் பிறப்பு. மூத்தவர்கள் இளையவர்களுக்குக் கைவிசேஷக் காசு கொடுக்க நல்ல நேரம் காலை பத்து நாற்பத்திரண்டு தொடக்கம் பதினொன்று ஆறு வரை என்று சிவப்பில் போட்டிருந்தது. துர்க்கா பிறந்ததிலிருந்து ஒரு வருஷமும் தவறவிட்டதில்லை. புளொக் பண்ணிய பிள்ளைக்கு நான் எப்படிக் கொடுப்பது, இந்த வருஷம் இல்லை என்றுதான் அவள் மனதை ஆற்றி வைத்திருந்தாள். இப்போது வேறு ஒன்று நினைவுக்கு வந்தது. மேசையில் கிண்ணம் போல ஒரு படம் இருக்கும். வென்றவர்கள் அதை அமத்தினால் டீலருக்குச் சந்தோஷக் காசு போகும். தெரியாத ஆட்கள் எல்லாரும் கொடுக்கிறார்கள். அதில் என்ன குற்றம்?

செவ்வாய்க்கிழமை தலைக்குக் குளித்து, புதுச்சேலை கட்டி, பிள்ளையாருக்கு விளக்கு வைத்துவிட்டுப் பத்தரைக்கு மேசையில் இருந்தாள். மூஸ்ஹன்ரர் துள்ளிக் குதித்தான். லக்கிராணி வந்துவிட்டா, லக்கிராணி வந்துவிட்டா என்று பெட்டி முழுக்க ஒரே எழுத்து. எங்கே போனீர்கள், சாப்பிட்டீர்களா என்று விண்ட்சர்க் கிழவர் கேட்டார். யோகராணி ஒருவருக்கும் ஒன்றும் எழுதவில்லை. ஒரு எழுத்து எழுதினால் அடுத்தது தானாக வரும் என்று அவளுக்குத் தெரியும். டயானா அவளைப் பார்த்தாள், பெயரைச் சொன்னாள். கையில் பதினேழு. யோகராணி முதல் தரம், வாழ்க்கையில் முதல் தரம், போதும் என்று அமத்தினாள். துர்க்கா திடுக்கிட்டாள்.

பத்து நாற்பத்திரண்டு ஆனது. கிண்ணத்தை அமத்தினால் ஒன்று, ஐந்து, பத்து என்று மூன்று வட்டம் வந்தது. கைவிசேஷம் பதினொன்றாகக் கொடுப்பதுதான் வீட்டு வழக்கம். யோகராணி பிள்ளையாரை நினைத்து, வலது கையால், முதலில் பத்தை அமத்தினாள். பிறகு ஒன்றை அமத்தினாள்.

மணிச் சத்தம் இரண்டு தரம் கேட்டது. யாராவது சந்தோஷம் கொடுத்தால் டீலர் பெயரைச் சொல்லி நன்றி சொல்ல வேண்டும், அதுதான் அங்கே சட்டம். டயானா திரையைப் பார்த்தாள். பத்து. ஒன்று. மேலே மணிக்கூட்டைப் பார்த்தாள். கையில் இருந்த காட்டை மேசையில் வைத்தாள். பிறகு அந்தச் சிவப்புக் கவுணோடு, தென்னைமரத்துக்கும் நீலக் கடலுக்கும் முன்னால், இரண்டு கைகளையும் ஒன்றாகக் குவித்துக் கமராவுக்கு முன்னால் நீட்டினாள். வாங்கினாள். குவித்த கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

நன்றி லக்கிராணி என்று இங்கிலிஷில் சொன்னாள். அதே சிரிப்போடு, அதே குரலில், அடுத்த ஆட்டத்துக்குக் காசு கட்டச் சொல்வது போலவே, "ஞாயிறு வாறன்" என்றாள்.

அதென்ன பாஷை, என்ன சொன்னீர்கள் என்று சட்பெரிக்காரி எழுதினாள். எங்கள் ஊரில் குட் லக் என்று அர்த்தம் என்றாள் டயானா, கண் கலங்கியபடி.

அவ்வளவுதான். மேசையில் இருந்தவர்களும் பின்னால் நின்று கட்டியவர்களும் ஆளுக்காள் எழுதத் தொடங்கினார்கள். மூஸ்ஹன்ரர் ஞாயிறு வாறன் என்றான். விண்ட்சர்க் கிழவர் ஞாயிறு வாறன் லக்கிராணி என்றார். நாற்பது ஐம்பது பேர், முகம் தெரியாத சனம், ஒன்ராறியோ மாகாணத்தின் மூலை முடுக்கெல்லாம் இருந்து, ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்கு வருகிறேன் என்று யோகராணிக்கு எழுதிக்கொண்டே இருந்தார்கள். அவள் சிரித்தாள், அழுதாள், இரண்டையும் சேர்த்துச் செய்தாள்.

என்ன சமைக்க என்று கேட்க விரல் துடித்தது. இரண்டு எழுத்து எழுதியும் விட்டாள். அழித்தாள். றீமா அனுப்பிய லிங்கைத் திறந்து, ஐந்து வருஷம் என்றதை அமத்தினாள். திரை வெளுத்தது, கடலும் தென்னையும் சிவப்புக் கவுணும் போயின. நீங்கள் சரியான முடிவு எடுத்திருக்கிறீர்கள், உங்களை நேசிப்பவர்கள் மகிழ்வார்கள் என்று எழுதி வந்தது.

ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. அந்த ஐந்து நாளும் யோகராணி ஒருவருக்கும் போன் எடுக்கவில்லை.